கை தவறியவரின் வீர வரலாறு

உயரத்தில் நின்று வேலை செய்கிறவன் ஒரு சாமானைக் கீழே போட்டுவிட்டால் அவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். கவனம் கெட்டவன் எனலாம், கண்ணைப் பிடரியில் வைத்திருக்கிறாயா என்று கேட்கலாம், வேலையை விட்டே துரத்தலாம். இதில் எது நடந்திருந்தாலும் நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என்னை மாவீரன் என்று சொல்லிவிட்டார்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் ஏசி மெக்கானிக். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வெளியே ஏணியில் நின்று, ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே கொஞ்சம் தள்ளி, மேயரம்மா பெண்களுக்கான புதிய பொதுக் கழிப்பறையைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கை வியர்த்திருந்தது. ஸ்பேனர் நழுவியது. நேராக விழுந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பாழாய்ப்போனது, பக்கத்துக் கடையின் தகரக் கூரையில் பட்டு எகிறி, மேயரம்மாவின் தோளில் போய் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது.

"ஐயோ, கை தவறிடுச்சே!" என்று கத்தினேன்.

எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். தோள் முறிந்து கிடந்தவர்தான் என்னைத் தேற்றினார். "அழாதீங்க, வேணும்னா பண்ணீங்க?" என்றார். போலீசும் தெருக் கேமராவைப் பார்த்துவிட்டு, இனிமேல் கருவிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறு என்று எச்சரித்து அனுப்பியது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். என் மச்சானை நான் மறந்துவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வயது முப்பத்துநான்கு. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறான். வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வான், ஆனால் தேடுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் கீபோர்டின் சத்தம்தான். இணையத்தில் அவன் பெயர் கொடுவாள். எங்கள் வீட்டில் காய் நறுக்கச் சொன்னால் விரலை வெட்டிக்கொள்கிறவன் அவன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க செஞ்சது சாதாரண காரியம் இல்ல."

"நான் எங்கடா செஞ்சேன்? கை தவறிடுச்சு."

அவன் கண்ணடித்தான். "புரியுது மாமா. கை... தவறிடுச்சு."

"டேய், நெசமாவே தவறிடுச்சுடா."

"ஆஹா! இப்படித்தான் சொல்லணும். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. மாத்தவே மாத்தாதீங்க."

அதற்குள் அவன் திறப்பு விழாவில் யாரோ எடுத்த வீடியோவை எடுத்து, என் வாக்கியத்தையே தலைப்பாகப் போட்டு, அனைத்துலக ஆண்மை மீட்புப் பேரவை என்ற இணையக் குழுவில் ஏற்றியிருந்தான். நான் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள் நாற்பதாயிரம் பேர் எனக்கு வணக்கம் சொல்லியிருந்தார்கள். வணக்கம்கூட இல்லை. ஒருவர் "கை தவறட்டும்!" என்று எழுத, அடுத்தவர் "தவறட்டும்!" என்று பதில் எழுதியிருந்தார். இப்படியே முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

"ஆண்மை மீட்புப் பேரவையா?" என்றாள் என் மனைவி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "மீட்கிறாங்களாமா? எங்க கொண்டுபோய் அடகு வச்சிருந்தாங்களாம்?"

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் வேலை செய்யும் ஏசி சர்வீஸ் கடை என் மனைவியுடையது. முதலில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன், பிறகுதான் கல்யாணம். கடையில் முதலாளி, வீட்டில் மனைவி. இரண்டு இடத்திலும் திட்டு ஒரே தரம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மச்சானுக்குத்தான் இருந்தது. "மாமா, கால்ல விழறேன், அக்காதான் முதலாளின்னு பேரவை ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் பதவி போயிடும்" என்றான்.

பேரவையில் பதவிகள் உண்டு. சேர்ந்தவுடன் சாதா ஆண். பிறகு தேர்வு எழுதினால் முழு ஆண். அதற்கு மேல் மூத்த ஆண், தலைமை ஆண். மச்சான் முழு ஆண் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தான். விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பது ஒரு பாடம். இரண்டு முறையும் எழுப்பிவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறான், இரண்டு முறையும் அவள் மறந்துவிட்டாள். இதைப் பெண்களின் திட்டமிட்ட சதி என்று அவன் நீண்ட கட்டுரை எழுத, அதற்காகவே கருணை அடிப்படையில் முழு ஆண் ஆக்கிவிட்டார்கள்.

சட்டதிட்டங்களும் உண்டு. ஒரு முழு ஆண் எந்தப் பெண்ணின் உதவியையும் பெறக்கூடாது. தாய் இந்தக் கணக்கில் வரமாட்டார், ஏனென்றால் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் தாயோடுதான் இருக்கிறார்கள். அக்கா எந்தக் கணக்கு என்று மச்சான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். அவர்கள் நெடுநேரம் விவாதித்து, "சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தாய்க்குச் சமம்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் ஒரு தூதுக்குழு கடைக்கே வந்தது. மூன்று பேர், மூன்று பேர் சட்டையிலும் நெஞ்சில் பெரிய ஸ்பேனர் படம். எனக்கு ஒரு பதக்கம் குத்திவிட்டார்கள். என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி குடுக்கச் சொல்லுங்க வீரரே" என்றார் ஒருவர் அவளைக் காட்டி. நான் ஓடிப்போய் நானே கொண்டுவந்து கொடுத்தேன். "பாருங்கள், பெண்ணின் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை!" என்று அதையும் வீடியோ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு வீடியோ காலில் பேராசான் பேசினார். பேரவையின் தலைவருக்குப் பேராசான் என்று பெயர். பின்னால் புலிப் படம், முன்னால் மூக்குக்கண்ணாடி.

"வீரரே! நாம் வன்முறையை ஆதரிப்பவர்கள் அல்ல. வன்முறையைப் பாராட்டுபவர்கள். இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு, வக்கீலிடம் கேட்டுவிட்டேன். இன்று பெண்கள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள். மேயர், மேனேஜர், நீதிபதி. போன மாதம் எனக்குப் பல் பிடுங்கியவர்கூட ஒரு பெண். கொஞ்சமும் வலிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்கிக்கொள்ள முடியாத வேதனை!"

"ஐயா, அது தற்செயலா விழுந்தது" என்றேன்.

"தற்செயல்!" என்று கண்ணை மூடி ரசித்தார் பேராசான். "என்ன அடக்கம்! என்ன சொல்லாட்சி!"

நான் எதைச் சொன்னாலும் அது வேறொன்றாகிப் போனது. இதற்கிடையே பேரவைக்குள் பெரிய பிளவு வேறு. விழுந்தது பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் என்று ஒரு பிரிவு, பதினான்கு என்று இன்னொரு பிரிவு. பன்னிரண்டு என்பவர்கள் மென்மைப்போக்காளர்கள், பெண்களுக்கு விலைபோனவர்கள் என்று பதினான்கு அணி அறிக்கை விட்டது. உண்மையில் அது நம்பரே இல்லாத, திருகினால் விரியும் சுருங்கும் ஸ்பேனர். சொல்லலாமா என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

இதுவரைக்கும் எனக்கு எரிச்சல்தான், கொஞ்சம் சிரிப்பும்கூட. சிரிப்பு போனது மேயரம்மாவைப் பார்க்கப் போன அன்று.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டு, மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மேசையில் போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, நிமிடத்துக்கு ஒருமுறை உறுமியது.

"எலும்பு சேர்ந்திடும்னு டாக்டர் சொல்றாரு" என்றார். "இதை என்ன பண்றதுன்னுதான் தெரியல." போனைத் திருப்பிக் காட்டினார். கை தவறட்டும், கை தவறட்டும், கை தவறட்டும். "என் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் ஒருத்தன் அனுப்பியிருக்கான். அவ இப்ப ரோட்டுல நடக்கும்போது மேலயே பார்த்துக்கிட்டு நடக்கிறா."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்த வார்த்தையை எப்படியாவது திரும்பப் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். அப்படி அவனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"மாமா, சனிக்கிழமை உங்க ஏணி வேணும்."

"எதுக்குடா?"

"சும்மாதான். கடைத்தெருவுல ஒரு வேலை." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேயர் பஸ் நிறுத்தம் திறக்க வர்றாங்கல்ல?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இப்படி இணையத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். "இணையத்துல ஆயிரம் பேசுவாங்க, எவனும் எழுந்து கதவைக்கூடத் திறக்க மாட்டான்" என்று சிரித்தார் அங்கிருந்தவர். "சரி, யாராவது குறிப்பா ஏறப் போறாங்களா? பேர் சொல்லுங்க." மச்சானின் பெயர் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. என் மனைவிக்கு இருப்பது அந்த ஒரே தம்பிதான்.

வெள்ளிக்கிழமை பேரவையின் மாநாடு. வாடகை மண்டபம். நாற்பதாயிரம் பேரில் எண்பது பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை என்று வரவேற்புரையிலேயே வருத்தம் தெரிவித்தார்கள். எல்லார் நெஞ்சிலும் ஸ்பேனர். பன்னிரண்டு அணி இடப்பக்கம், பதினான்கு அணி வலப்பக்கம். நடுவில் கயிறு.

பேராசான் மேடையேறினார். நேரில் பார்க்க ரொம்பச் சின்ன மனிதராக இருந்தார்.

"வரலாறு ஒரு கையை நமக்குத் தந்தது. அது தவறியது! வரலாறு இப்போது இரண்டாவது கையைக் கேட்கிறது. நான் போகமாட்டேனா? போவேன். ஆனால் தளபதி முன்னால் போய்விட்டால் பின்னாலிருந்து யார் வழிநடத்துவது? அதோடு எனக்கு மூட்டுவலி, ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டரும் பெண்தான், ஆனாலும் மூட்டு என்னுடையது. எனவே கேட்கிறேன். யார் அந்த இரண்டாவது கை?"

எண்பது பேரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். சிலர் அவசரமாகப் போனை எடுத்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்திய இடம் சரியில்லை என்று எழுந்து வெளியே போனார்.

என் மச்சான் கையைத் தூக்கினான்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கயிற்றைத் தாண்டி வந்து இரண்டு அணியும் அவனைத் தூக்கிக்கொண்டன. அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்திலும் சரி, வேலைக்கான நேர்காணல்களிலும் சரி, அவனுக்காக யாரும் ஒருமுறைகூடக் கைதட்டியதில்லை. இவன் செய்துவிடுவான். இங்கே இருப்பதிலேயே நிஜமாகச் செய்யக்கூடியவன் இவன் ஒருவன்தான்.

என்னைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சத்தியமா அன்னிக்குக் கை தவறிடுச்சு."

"தவறட்டும்!" என்று மண்டபம் முழங்கியது.

"ஐயோ, கேளுங்கப்பா. நான் அந்தம்மாகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன்."

"எதிரியின் கூடாரத்துக்குள் தனியாக நுழைந்திருக்கிறார்!" என்றார் பேராசான். மீண்டும் கைதட்டல்.

"அன்னிக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன்!"

"ஆனந்தக் கண்ணீர்!"

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. சுவரோடு பேசினால் சுவராவது சும்மா இருக்கும். மைக்கைக் கீழே வைக்கப் போனேன். "என்னமோ போங்க. நான் கிளம்பறேன். நாளைக்குக் காலையில வேலை இருக்கு, லேட்டா போனா முதலாளி திட்டுவா."

மண்டபம் அமைதியானது.

ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன் என்றபோது கைதட்டினார்கள், அழுதேன் என்றபோது ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். இப்போது மின்விசிறி சுற்றுவது கேட்டது. பேராசான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முதலாளி... திட்டுவாரா, திட்டுவாளா?"

மச்சான் என்னைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் தலையாட்டலைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் எதைச் சொல்லாமல் விட்டேனோ அதுதான் இவர்களுக்குக் கேட்கும்.

"திட்டுவா" என்றேன், இந்த முறை நன்றாக அழுத்தி. "முதலாளி என் பொண்டாட்டி. எனக்குச் சம்பளம் குடுக்கிறது அவதான். லீவு வேணும்னா அவகிட்டதான் கேக்கணும். பெரும்பாலும் குடுக்க மாட்டா."

முன்வரிசையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்பேனரும் அவளோடதுதான். பொறுக்கி எடுத்து வாங்கினவ அவ."

எண்பது பேரும் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். சிலர் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்கள். ஒருவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள முயன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு தவித்தார். மூன்று நாற்காலி தள்ளி யாரோ, "அப்ப நாம இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"ஏணி?" என்றார் பேராசான். குரல் நடுங்கியது. "நாளை நம் வீரர் ஏறவிருக்கும் ஏணி?"

"அதுவும் அவ ஏணிதான். கடையில அவ பேர் போட்டு ஒட்டியிருக்கு."

அவசரச் செயற்குழு அங்கேயே கூடியது. ஒரு பெண்ணின் சம்பளக்காரன், ஒரு பெண்ணின் கருவியைக் கொண்டு, ஒரு பெண்ணின் ஏணியில் நின்று செய்த காரியம் வீரச்செயல் ஆகாது என்று பன்னிரண்டு அணியும் பதினான்கு அணியும் முதல்முறையாக ஒத்துப்போயின. பேராசான் தீர்மானத்தை வாசித்தார். "மேற்படி நிகழ்வு உண்மையிலேயே ஒரு விபத்துதான் என்று பேரவை ஒருமனதாக முடிவு செய்கிறது." பேரவை அன்று பேசிய ஒரே உண்மை அதுதான். முதல் கையே செல்லாது என்பதால் இரண்டாவது கைக்கு அவசியமில்லை என்று சனிக்கிழமை நிகழ்ச்சியும் ரத்தானது. மச்சானின் முழு ஆண் பதவியைப் பறித்து, என் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வெளியே தள்ளினார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"என் மானத்தை வாங்கிட்டீங்க மாமா. முதல் தடவையா எனக்குக் கைதட்டினாங்க."

"தட்டினவன் எவனாவது ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க வருவானாடா? உங்கக்காதான் வருவா. கடையைச் சாத்திட்டு வந்து வரிசையில நிப்பா." அவன் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "எலும்பு ஒடையுற சத்தம் நீ வீடியோலதான் கேட்டே. நான் பக்கத்துல உக்காந்து அந்தம்மா மூச்சு வாங்குறதைக் கேட்டேன். எனக்கு இன்னும் அது காதுல இருக்கு. உனக்கு அது வேண்டாம்டா."

அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. நான் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் பேரவையின் அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது. பெரிய எழுத்தில் என் படம், துரோகி என்று தலைப்பு. துரோகி வேலை செய்யும் ஏணிகளின் அருகே எந்த வீரருக்காவது கை தவறினால் பேரவை அதைப் பாராட்டும். அடியில் தனியாக ஒரு வரி. கொடுவாள் அவர்களே, அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பவர் நீங்கள்தான். இழந்த பதவியை மீட்க நல்ல வாய்ப்பு. மனைவியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்தாள். கேலி பேசவில்லை. அவளும் பயந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலை. மூன்றாவது மாடி. வழக்கமாக ஏணியைப் பிடிக்கும் ஆள் வரவில்லை. வாட்ச்மேனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். பாதி வேலை முடிந்திருக்கும், ஏணி லேசாக அசைந்தது. குனிந்து பார்த்தேன். வாட்ச்மேன் யாரிடமோ பேசிக்கொண்டே வாசல் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஏணியடியில் என் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. யார் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"என்னடா பண்றே அங்க?" என்றேன்.

"பிடிச்சிருக்கேன் மாமா."

"போன் அடிக்குதே. எடுக்கலையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெயில் கண்ணில் அடிக்க முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

"எடுக்கணும்னா ஒரு கையை விடணும் மாமா. நீங்க முதல்ல எறங்குங்க."